கெட்ட குணங்களின் பெட்டி

கண்ணாடிக் குப்பியின் கழுத்தைச் சின்ன அரம் ஒன்று அறுக்கும் சத்தம். கிர்ர், கிர்ர் என்று இரண்டு இழுப்பு. பிறகு ‘டிக்’. அவ்வளவுதான். முலுண்டில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் டாக்டரின் அறையில், மழைக்கால இருமலோடு உட்கார்ந்திருந்தபோது போன வாரம் அதைக் கேட்டேன். ஊசி எனக்கில்லை, திரைக்குப் பின்னால் யாருக்கோ. ஆனால் என் உடம்பு எழுந்துவிட்டது. மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் வெளியே வந்து மழையில் நின்றேன். ஆட்டோக்களின் சத்தம், தூரத்து லோக்கல் ரயிலின் சத்தம், ஒரு பெண் மீன்காரியோடு மராத்தியில் சண்டை பிடிக்கும் சத்தம் எல்லாவற்றையும் பேராசையோடு காதில் வாங்கிக்கொண்டேன். வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய் மாதுங்காவில் குடியிருந்தேன். ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை. ஃபார்மசி படித்தவள். எங்கள் வீட்டில் அதைப் பிறரிடம் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். ‘ஓ, கம்பவுண்டரா?’ என்று யாராவது கேட்டுவிட்டால்? உண்மையில் அதுகூட இல்லை. கல்லூரியில் எனக்கு மிக்ஸ்சர் கலக்கவும் களிம்பு குழைக்கவும் பொடி மடிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்கு வந்து பார்த்தால் எல்லாம் கம்பெனியிலிருந்து மாத்திரையாகவும் மூடிபோட்ட சீசாவாகவும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எண்ணிக் கொடு, சீட்டு ஒட்டிக் கொடு, அடுத்த ஆளைக் கூப்பிடு. மருந்துகள் புதிது புதிதாகப் பெருகின. எது எதோடு சேர்ந்தால் சண்டை போடும், எது யாருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்ல ஆளில்லை. டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் கம்பெனி ரெப்புகள். டை கட்டி, தோல் பை தூக்கி, மதிய வெயிலிலும் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

அப்போதுதான் அமெரிக்காவில் படித்துவிட்டு ஒருவர் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். குஜராத்திக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், கழுத்தில் எப்போதும் பவுடர் அப்பியிருக்கும். அங்கே ஆஸ்பத்திரிகளில் புதிதாக ஒரு மேஜை போடுகிறார்கள், டாக்டர்கள் சந்தேகம் கேட்டால் மருந்தாளர் புத்தகம் பார்த்துப் பதில் சொல்கிறார், நாமும் போடுவோம் என்றார். கிடங்கின் மூலையில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், பாதி உடைந்த அலமாரி. மருந்துத் தகவல் மேஜை. அதற்கு நான்.

பயிற்சி வினோதமாக இருந்தது. அவர் அடுத்த அறையிலிருந்து போன் செய்வார், கோபக்கார டாக்டர் மாதிரி கத்துவார். நான் உடனே பதில் சொன்னால் தோற்றேன். முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். நோயாளிக்கு என்ன வயது, வேறென்ன மருந்து, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? பிறகு, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைக்க வேண்டும். தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று நாக்குக் குழறாமல் சொல்லப் பழக வேண்டும். அதுதான் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது. கம்பெனித் துண்டுப் பிரசுரத்தைக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொன்னார். எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் இடத்தில்தான் அவர்கள் உண்மையைச் சொல்கிறார்களாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கப்பலில் வரும். மாசக்கணக்கில் தாமதமாக, ஈரம் ஏறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அவற்றைப் பிரித்து, மருந்துக்கு ஒன்றாக அட்டையில் குறித்து அடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. கேள்வி டாக்டரிடமிருந்து வர வேண்டும், பதில் அந்த டாக்டருக்கு மட்டும் போக வேண்டும். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

டாக்டர்கள் கேட்கவில்லை. போன் ஊமையாக உட்கார்ந்திருந்தது. கவுண்டரில் இருந்த மராத்திக்காரர் தினமும் என்னைத் தாண்டிப் போகும்போது, “என்ன இன்கொயரி ஆபீஸ், பூனா வண்டி எந்த பிளாட்பாரம்?” என்று இந்தியில் கேட்பார். கிடங்கே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

அட்டைகள் மட்டும் பெருகின. செருப்புப் பெட்டிகளில் வைத்திருந்தேன். மழைக்காலம் வந்ததும் பூஞ்சை பிடித்தது. இரும்பு டிராயருக்கு எழுதிக் கேட்டோம், மேலிடத்திலிருந்து பதிலில்லை. எங்கள் தெரு மெஸ்ஸுக்குக் காலி எண்ணெய் டின் வாங்க வரும் பாய் ஒருவரைப் பற்றி மெஸ்காரர் சொன்னார். தாராவியில் தகரப் பட்டறை வைத்திருக்கிறார், எது கேட்டாலும் அடித்துத் தருவார் என்று. போனேன்.

அந்தச் சந்து முழுவதும் தகரம். தட்டி நிமிர்த்துவது, வெட்டுவது, மடிப்பது, பற்றவைப்பது. அங்கே ரகசியம் பேசுகிறவர்களும் கத்தித்தான் பேசுவார்கள். பாய் முப்பத்தைந்து வயது ஆள், தென்காசிப் பக்கம், ஒல்லி. உதட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கேலியை ஒதுக்கி வைத்திருப்பவர். நான் காட்டிய அட்டையை விரலால் அளந்தார்.

“என்னத்த வைக்கப் போறிய இதுல?”

“மருந்துகளப் பத்தி எழுதின அட்டைதான், பாய்.”

“மருந்தப் பத்தி என்ன?”

“அதோட கெட்ட குணம்லாம்.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். “கெட்ட குணத்துக்கே இத்தன பெட்டியா? அப்ப நல்ல குணத்த எதுல வைப்பிய?”

“அத கம்பெனிக்காரங்க தோல் பையில வச்சிருக்காங்க.”

அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வாசலில் டின் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “இவுஹ கெட்ட குணத்த வைக்கவும் ஒரு பெட்டி வேணும் தங்கச்சி. இதவிடப் பெருசா.”

இருமல் நின்றதும் அவரே சொன்னார். “டி.பி. பயப்படாதிய, ஊசி ஓடிக்கிட்டிருக்கு. நம்ம சந்து டாக்டர் கெட்டிக்காரரு. மூணு மாசத்துல ஆள நிமித்திட்டாரு பாருங்க.”

பெட்டிகள் வந்தன. டின்னின் உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, ஓரம் கையைக் கிழிக்காமல் சுருட்டி, கச்சிதமாக. திறந்தால் கடலை எண்ணெய் வாசனை. மருந்துகளின் விஷம் எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் கடலை எண்ணெய் மணத்தது.

கடைசிப் பெட்டியைக் கொடுக்க வந்த அன்று பாய் சுவரைப் பிடித்துக்கொண்டே கிடங்குக்குள் வந்தார்.

“என்ன பாய், நடை ஒரு மாதிரி இருக்கு?”

“கப்பல் ஏறாமலே கப்பல்ல இருக்கேன் தங்கச்சி. பள்ளிவாசல்ல சுஜூதுக்குக் குனிஞ்சு எந்திரிக்கையில பக்கத்து ஆள் மேல சாஞ்சுட்டேன். அவன் என் வாய மோந்து பாக்கான்! எங்க வாப்பா உசுரோட இருந்தா நாண்டுக்கிட்டிருப்பாரு.”

“காது?”

“காதுக்குள்ள ஒரு பட்டறை நடக்கு. நம்ம பட்டறையச் சாத்தினாலும் அது சாத்த மாட்டேங்கு.” பிறகு அவரே கையை உதறினார். “தகரக்காரன் காதுல வேற என்ன கேக்கும், குயிலா? எங்க சந்துல எல்லாவனுக்கும் இதான்.”

சந்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் மனைவி, அவரிடம் வேலை செய்தவர்கள், அவரே. சுத்தியல் தின்கிற காது. வேறு காரணம் தேட அங்கே யாருக்கும் அவசியமே இல்லை.

ஆனால் சுத்தியல் காதைத்தான் தின்னும். தரையைச் சாய்க்காது.

அவர் போனபிறகு, அவர் கொண்டுவந்து வைத்த பெட்டியை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் செய்த பெட்டியைத் திறந்தேன். டி.பி. ஊசி மருந்து ஸ்ட்ரெப்டோமைசினின் அட்டை. என் கையெழுத்துதான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தலையைச் சுற்றவைக்கும். இன்னொன்று காதைக் கெடுக்கும். காதைக் கெடுக்கும் வகை மெதுவாக வேலை செய்யும், ஊசியை நிறுத்தி வாரக்கணக்கான பிறகும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகலாம், திரும்பி வருவதில்லை. கப்பலில் வந்த வரிகள். தாராவிக்கு இரண்டு மைலில் என் கையில் உட்கார்ந்திருந்தன.

மேலதிகாரியிடம் ஓடினேன். “யார் கேட்டது?” என்றார் ஆங்கிலத்தில். யாரும் கேட்கவில்லை என்றேன். அவருடைய டாக்டர் கேட்கட்டும், நாம் நடுவில் போய் நின்றால் நாளைக்கு ஒரு டாக்டரும் இந்த போனுக்குக் கூப்பிட மாட்டார் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

கேள்வி வராது என்று தெரிந்ததால் நான் பதிலை எடுத்துக்கொண்டு போனேன். சந்து டாக்டர் நாகர்கோவில்காரர், கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கும் பைகள். பெஞ்சில் நெருக்கியடித்து நோயாளிகள். மூலையில் கம்பவுண்டர் நிறுத்தாமல் குப்பிகளின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தான். கிர்ர், கிர்ர், டிக்.

“உங்கள யாரும்மா கேட்டா?”

“யாரும் கேக்கல டாக்டர். அதான் நானே வந்தேன்.”

சிரித்துவிட்டார். அது நல்ல சகுனம் என்று நினைத்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து வழவழப்பான ஒரு தாளை உருவிக் காட்டினார். “நீங்க காகிதம் வச்சிருந்தா நானும் வச்சிருக்கேன். இந்த ஊசி ரெண்டு வகையையும் பாதிப் பாதி கலந்தது. தலைசுத்தலும் பாதி, காதுக்கும் பாதி. ரெண்டு பாதியும் ஒண்ணும் செய்யாதுன்னு ரெப் சொல்றான்.”

“ரெண்டு பாதி சேர்ந்தா ஒண்ணு, டாக்டர்.”

அவர் என் அட்டையை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். கம்பவுண்டரை அறுப்பதை நிறுத்தச் சொல்லிச் சைகை செய்தார். “சரி. ஊசிய நிறுத்தறேன். இனிமே மாத்திரையில ஓட்டலாம். ஆனா அவன்கிட்ட நீங்க வாயத் திறக்கக் கூடாது. ஊசிதான் காதத் தின்னுதுன்னு இந்தச் சந்துக்குத் தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வரமாட்டான். ரத்தம் கக்கிச் சாவானுங்க. நான் எதச் சொல்ல? காதா, உயிரா?”

அவருடைய விதியும் எங்கள் மேஜையின் விதியும் ஒன்றாகவே இருந்தன. நான் திரும்பிவந்தேன். உடம்பு தேறிவிட்டது, ஊசி போதும் என்று பாயிடம் சொல்லி டாக்டர் நிறுத்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊசி நின்றது. அட்டையில் எழுதியிருந்தபடியே, காது கெடுவது நிற்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முக்காட்டின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். எங்கள் மேஜைக்கு ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள்.

“காது அடைச்சிட்டு தங்கச்சி. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்காஹ. ஊசி போட்டவரைக்கும் கொஞ்சமாச்சும் கேட்டுச்சு. ஊசி நின்னுச்சு, காது போச்சு. அதனால இவுஹளே குயவர் சந்துக்கிட்ட வேற ஒரு கம்பவுண்டர்ட்ட போயி அதே ஊசியப் போட்டுக்கிடுதாஹ. காலைல ஒண்ணு, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு ஒண்ணு.”

ஸ்ட்ரெப்டோமைசின் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“கண்ட எடத்துல போடுறது பயமா இருக்கு,” என்றாள். “அந்த ஊசிய ஒங்க ஆஸ்பத்திரிலயே போட ஏற்பாடு பண்ணுங்களேன். ஒங்களுக்குத்தான் மருந்தப் பத்தி எல்லாம் தெரியும்ல?”

விதியாவது மண்ணாவது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவளோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழ ஆரம்பித்தவள் சயான் நிறுத்தத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள். பட்டறையில் பாய் குனிந்து தகரம் மடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றதும் முகம் மலர்ந்தது.

“பாய், அந்த ஊசி வேண்டாம்.”

என் வாயைப் பார்த்தார். நான்கு பக்கமும் சுத்தியல்கள். அடிப்பதை நிறுத்துங்கள் என்று கைகாட்டினேன். ஒவ்வொன்றாக நின்றன. எதிர்ப் பட்டறையும் நின்றது. அந்தச் சந்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் தொண்டை கிழியக் கத்தினேன். “ஊசிதான் பாய் காதக் கெடுத்தது! சுத்தியல் இல்ல! ஊசி!”

சந்து முழுவதும் கேட்டது. திரைச்சீலைகளை விலக்கிக்கொண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பாய் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார், தூக்கிய சுத்தியல்கள் அந்தரத்தில் நிற்பதைக் கண்டார். கோபம் வந்துவிட்டது.

“ஏம்ல நிறுத்திட்டிய? வேலையப் பாருங்கலே!”

கடைசியில் அவர் மனைவிதான் புரியவைத்தாள். தன் கையைக் கிள்ளிக் காட்டினாள், ஊசி. காதைப் பொத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்தாள். போயிற்று. அவள் அதை மறுபடி மறுபடி செய்தாள். அவர் முகத்தில் அது மெல்ல இறங்குவதைப் பார்த்தேன், தகரத்தில் ஈயம் ஓடுவது போல. காற்றில் இரண்டு கையாலும் ஒரு பெட்டி வரைந்தார்.

“இந்த வெவரம் அதுல இருந்துச்சா? நான் அடிச்ச பெட்டியிலயா?”

தலையாட்டினேன்.

“அப்ப பெட்டி உறுதியாத்தான் இருக்கு, கசியவே இல்ல,” என்றார். கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை என்பதை அவர் கண்ணால்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் சந்து டாக்டர் ஆள் அனுப்பினார். பெஞ்சு பாதி காலியாம். ஊசியை நடுவில் விட்டவர்கள் மாத்திரையும் வாங்க வரவில்லையாம். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தகவல், கேட்க வேண்டியவரின் காதைத் தவிர எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மேலதிகாரி அந்த வருஷமே மறுபடி அமெரிக்காவுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் டெலிபோனைத் தன் அறைக்கு மாற்றினார். என்னைக் கவுண்டரில் போட்டார்கள், மாத்திரை எண்ணினேன். “பூனா வண்டி போயிடுச்சா?” என்று கேட்க மராத்திக்காரருக்கும் மனம் வரவில்லை. பெட்டிகளில் என்னென்னவோ வைத்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது ஒன்றில் கார்க்குகள் கிடந்தன. இப்போது கல்லூரியில் மருந்துத் தகவலை ஒரு பாடமாகவே வைக்கப்போகிறார்களாம், நோயாளியிடம் நேரே பேசவும் பழக்குவார்களாம். செம்பூரிலிருந்து ஒரு பெண் வந்து, “உங்க டைம்ல ட்ரெயினிங் எப்படி ஆன்ட்டி?” என்று கேட்டாள். சின்ன எழுத்தை முதலில் படி என்று மட்டும் சொன்னேன். நல்ல பெண். சொல்வாள். யாரிடம் சொல்வாள், அப்போது அவர்களுக்குக் காது மிச்சம் இருக்குமா என்பதெல்லாம் பாடத்தில் வராது.

பாய் கொஞ்ச நாள் சமாளித்தார். டின் வாங்க மாதுங்காவுக்கு வருவதென்றால் தண்டவாளம் தாண்ட வேண்டும். ஒரு சாயங்காலம் தலையில் டின்களோடு தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். விழுந்து, கோபத்தோடு திரும்பியபோதுதான் லோக்கல் தன் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே அவர் மனைவி முடிவு செய்துவிட்டாள். ஊரில் அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. என்ன தொழில் என்று கேட்டதற்கு, “இருக்கட்டும், உசுரு இருக்கட்டும்” என்றாள்.

வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில் நின்றிருந்தது. போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமுக்காளச் சுருட்டு, அவ்வளவுதான் பம்பாய் அவர்களுக்குக் கொடுத்தது. ஜன்னலோரம் பாய். தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கப் பேசினார், எதிர் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தாராவி இப்ப எம்புட்டு அமைதியா இருக்கு தெரியுமா தங்கச்சி? கபர்ஸ்தான் தோத்துச்சு!”

அவர் மனைவி அவர் தொடையில் தட்டி, மெதுவா என்று சைகை காட்டினாள். அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். தகரம் கிழித்த தழும்புகள் நிறைந்த கை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

வண்டி ஊதியது. நீளமாக, கூரை அதிர, பிளாட்பாரத்துப் புறாக்கள் மொத்தமாக எழும்பும்படி ஊதியது. வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல்களைவிட்டு விலகினார்கள். பாய் அவர்கள் விலகுவதைப் பார்த்தார், புறாக்களைப் பார்த்தார், பிறகு என் உதட்டைப் பார்த்தார். கையை விடாமல் கேட்டார்:

“வண்டி ஊதிட்டா தங்கச்சி?”